சாளை மீனும் சங்கப் பதிவும்

மார்ச் 3, திங்கள்

காலை 11.20-க்குப் பதிவுத் தபால் ஒன்று வந்தது. தபால்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். "அண்ணாச்சி, அது அடுத்த வீட்டுக்காரர் கட்டம்" என்றார். இப்போதெல்லாம் கட்டங்களை நெருக்கி நெருக்கி அச்சடிக்கிறார்கள்.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து எங்கள் எழுதுகரம் சங்கத்துக்கு வந்த கடிதம். ஒரு பக்கம்தான், கீழே முத்திரை. வழக்கமான சுற்றறிக்கையாக இருக்கும். எழுத்து மிகவும் வெளிறல். முப்பத்தாறு வருடம் ரயிலில் தபால் பிரித்தவன் நான். ஆடுகிற பெட்டியில், அழுது வடியும் விளக்கில், கோழி கிளறியதுபோல் எழுதிய முகவரிகளையெல்லாம் படித்துச் சரியான பையில் போட்டிருக்கிறேன். எனக்கே படிக்க முடியவில்லை என்றால் தப்பு யாருடையது? அலமாரி இழுப்பறையில் மற்றவற்றோடு வைத்தேன்.

மத்தியானம் வீட்டுக்காரி கோமு பாசிப்பயறில் கல் பொறுக்கித் தரச் சொன்னாள். பொறுக்கித் தந்தேன். சாப்பிடும்போது இரண்டு கல் பல்லில் பட்டது. கடையை மாற்ற வேண்டும்.

மார்ச் 5, புதன்

கூடத்து பல்பை மாற்றினேன். ஒன்பது வாட்டுக்குப் பதில் பதினைந்து. பெரிய வித்தியாசமில்லை. பல்பிலும் போலி வந்துவிட்டது.

மார்ச் 8, சனி

இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டம், 4.05-க்குத் தொடங்கியது. சமாதானபுரத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே உள்ள எங்கள் அறையில் ஒன்பது பேர். புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருப்பதால், செயலாளர் என்ற முறையில் வழக்கமான பாடத்தை நடத்தினேன். பார்வையில்லாத மாணவர்களுக்குக் கல்லூரித் தேர்வு எழுதித் தருவது நம் வேலை. கேள்வியைப் படித்துச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை எழுத வேண்டும். சொன்னதில் எதையும் விடக் கூடாது. சொல்லாததைச் சேர்க்கக் கூடாது. தப்பென்று தெரிந்தாலும் திருத்தக் கூடாது. பத்தொன்பது வருடமாக இதையே சொல்லி வருகிறேன்.

இந்த விதியை மிகக் கறாராகக் கடைப்பிடிப்பது லில்லி புஷ்பம். கீழே ஜெராக்ஸ் கடையில் வேலை, வயது முப்பத்திரண்டு. அவள் வேகத்துக்கு எழுத எங்களில் ஆள் கிடையாது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால், கூட்டத்தில் நடப்பதைப் புத்தகத்தில் எழுதும் பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். அதுவரை நான்தான் எழுதினேன். இளையவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பது என் கொள்கை.

நன்றி சொல்லி முடிக்கப் போகையில் தலைவர் ஞானதிரவியம், "பதிவுத் தபால் ஒண்ணு வந்துதாமே அண்ணாச்சி?" என்றார். தலைவர் வரலாற்றுப் பேராசிரியர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். தபால்காரர் அவருடைய பழைய மாணவர். ஊரில் ஓர் உறை கிழிந்தால் அவருக்குக் கேட்டுவிடும்.

"வழக்கமான கடிதம்தான்" என்றேன்.

"படிச்சுக் காட்டுங்களேன்."

"கண்ணாடியை வீட்டுல வெச்சிட்டு வந்துட்டேன்."

"மூக்குல இருக்கு அண்ணாச்சி" என்றாள் லில்லி. வழக்கம்போல் கூட்டத்துக்கு எடுத்துவந்து சட்டைப் பையில் வைத்திருந்த கடிதத்தை அவளே உருவி உரக்கப் படித்தாள்.

ஜூன் மாதம் நாங்கள் அனுப்பிய ஆண்டுப் படிவத்தில் பிழைகள். திருத்தி அனுப்பச் சொல்லி மூன்று கடிதம் எழுதியும் பதில் இல்லை. ஆகவே சங்கம் செயல்படவில்லை என்று கருதிப் பதிவேட்டிலிருந்து பெயரை ஏன் நீக்கக் கூடாது? மார்ச் 24 காலை 11 மணிக்குக் கூட்டப் புத்தகத்துடன் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

 ஞானதிரவியம் சிரித்தார். "செத்துப் போயிட்டோம்னு நினைக்காங்க. போய் மூச்சு விட்டுக் காட்டணும்."

சிரிக்கிற விஷயமில்லை. பதிவு பெற்ற சங்கம் கொடுக்கும் பட்டியலில் பெயர் இருந்தால்தான் கல்லூரிகள் எங்களைத் தேர்வு அறைக்குள் விடும். ஏப்ரல் 16-இல் தேர்வு தொடங்குகிறது. இந்த முறை நாற்பத்தொரு மாணவர்கள்.

மார்ச் 9, ஞாயிறு

இழுப்பறையைத் திறந்தேன். மூன்று கடிதங்களும் இருந்தன, ஜூலை, அக்டோபர், டிசம்பர் என்று வந்த வரிசையில். அடுக்கி வைப்பதில் என்னைக் குறை சொல்ல முடியாது.

லில்லியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். படிவத்தில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் வயதும், வயது எழுத வேண்டிய இடத்தில் முகவரியும் எழுதியிருக்கிறேனாம். அரசாங்கப் பதிவின்படி எங்கள் தலைவருக்கு வயது 'தெற்குத் தெரு'.

கோமு சொன்னாள்: "கண்ணாஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவமா?" படிவத்தை வடிவமைத்தவரைக் கூட்டிப் போ என்றேன்.

மார்ச் 10, திங்கள்

கூட்டப் புத்தகத்தை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது என்று லில்லியை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள்.  ஒன்றரை வருடமாக மாதா மாதம் நம்பிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பது இது:

'அக்டோபர் 12. மாலை 4.10. தலைவர்: ஜன்னலைச் சாத்துங்க, மீன்காரர் சத்தம். துணைத் தலைவர்: என்ன மீன்னு கேட்டுட்டுச் சாத்துங்க. மீன்காரர்: சாளை. துணைத் தலைவர் கீழே போனார். 4.22. துணைத் தலைவர் வந்தார். சாளை இல்லை, தீர்ந்துவிட்டது.'

"ஏம்மா, இதுல தீர்மானம் எங்க?"

"தீர்மானம் 4.40-க்கு வருது அண்ணாச்சி. இது அதுக்கு முன்னால நடந்தது."

"மீனையெல்லாமா எழுதுவாங்க?"

"சொன்னதுல எதையும் விடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

பக்கத்தைப் புரட்டச் சொன்னேன். அடுத்த பக்கத்தில் நான் சொன்னதாக ஒரு வரி: 'செயலாளர்: பதிவு ஆபீஸ்காரங்களுக்கு வேற சோலி கிடையாது.' இந்தப் புத்தகத்தைத்தான் அவர்களிடமே கொண்டுபோய் நீட்ட வேண்டும்.

ஒரு சுத்தப் பிரதி எழுதுவதென்று முடிவு செய்துவிட்டேன். பொய் ஒன்றும் சேர்க்கப் போவதில்லை. மீனை எடுத்துவிடப் போகிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 12, புதன்

அதே அளவில், அதே பழுப்பு அட்டையில் ஒரு நோட்டு வாங்கினேன். லில்லி எழுதித் தர மறுத்துவிட்டாள். "நடந்ததை ஒரு தடவைதான் எழுத முடியும் அண்ணாச்சி." பழசை மட்டும் வாசித்துக் காட்டச் சம்மதித்தாள், அதுவும் தேநீர் இடைவேளையில். நானே எழுதுகிறேன். வரி கொஞ்சம் மேலே ஏறுகிறது. நோட்டில் கோடு அவ்வளவு மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள். இந்த நாட்குறிப்பிலும் அப்படித்தான். காகிதக் கம்பெனிகளே இப்போது சரியில்லை.

மார்ச் 14, வெள்ளி

மாரிச்செல்வி வந்தாள். பி.ஏ. வரலாறு கடைசி வருடம், சொந்த ஊர் முக்கூடல் பக்கம். மூன்று வருடமாக அவளுக்கு எழுதித் தருகிறேன். சொல்லும்போது மூச்சு வாங்க மாட்டாள். கை வலிக்க வலிக்க எழுத வேண்டும். இதுவரை எதிலும் தோற்றதில்லை. நவம்பர்த் தேர்வில் ஒரு தாள் மட்டும் போய்விட்டது, நான்கு மதிப்பெண்ணில்.

கேள்வித்தாளின் பிரதி எடுத்து வந்திருந்தாள். ஜெராக்ஸ் கடையில் லில்லியிடம் கொடுத்து ஒவ்வொரு கேள்வியாகப் படிக்கச் சொன்னாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். லில்லி படித்தாள்: "1806-இல் நடந்த கிளர்ச்சிக்கான காரணங்களை விவரி."

"எத்தனை?" என்றாள் மாரிச்செல்வி.

"ஆயிரத்து எண்ணூத்தி ஆறு."

மாரிச்செல்வி பிரதியை வாங்கி நாலாக மடித்தாள். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "நான் மருது சகோதரர்களைப் பத்தி மூணு பக்கம் சொன்னேன். அது ஆயிரத்து எண்ணூறு. 1806-ன்னா வேலூர்."

0-வையும் 6-ஐயும் அச்சகத்தில் ஒரே மாதிரி வார்க்கிறார்கள். இதைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கே எழுத வேண்டும்.

போகும்போது மாரிச்செல்வி, "விடுங்க சார். ஏப்ரல்ல அதையும் சேர்த்து எழுதிருதேன். சங்கம் இருந்தாப் போதும். இந்தத் தடவையும் நீங்கதான எழுதித் தருவீங்க?" என்றாள். 'நீங்கதான' என்பதை எப்படிச் சொன்னாள் என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். தெரியவில்லை.

அவளுக்கு வேலை தயாராக இருக்கிறது. நாசரேத்தில் ஒரு பள்ளிக்கூடம், ஜூனில் பட்டத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 15, சனி

எழுதவில்லை. தலைவலி.

மார்ச் 17, திங்கள்

ஞானதிரவியம் வீட்டுக்கு வந்தார். வந்தால் நான் செய்தித்தாள் வாசிப்பேன், அவர் திட்டுவார். பல வருடப் பழக்கம். இன்று நாலு செய்தி வாசித்ததும், "போதும் அண்ணாச்சி. தலைப்பை மட்டும் வாசிச்சிட்டு, மீதியை நீங்களாச் சொல்லுதீங்க" என்றார்.

"சுருக்கிச் சொன்னா உமக்கு நேரம் மிச்சம்."

"சரிதான். நேத்து வந்த பேப்பரையும் இப்படித்தான் சுருக்கினீங்க. அதே செய்தி."

பேச்சை மாற்றினேன். அவர் மேஜையைத் தடவிக்கொண்டே போய்ப் புது நோட்டின் மேல் கை வைத்தார். குனிந்து முகர்ந்தார். "பிசின் வாசனை. என்ன எழுதுதீங்க?"

சொன்னேன். அட்டையை இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காபி கேட்டார்.

மார்ச் 21, வெள்ளி

சுத்தப் பிரதி முடிந்தது. பதினெட்டுக் கூட்டங்கள், எல்லாம் ஏகமனதாக. மீன் இல்லை, சண்டை இல்லை. துணைத் தலைவரும் இன்னும் ஆறு பேரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் மட்டும், "திங்கக்கிழமை ஆபீஸ் வாசல்ல வெச்சுப் போடுதேன்" என்கிறார்.

மார்ச் 24, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

9.30-க்கு ஞானதிரவியம் ஆட்டோவில் வந்தார், லில்லியும் கூட. பழைய புத்தகம், புதுப் புத்தகம் இரண்டையும் துணிப்பையில் வைத்தேன். பையைத் தான் வைத்துக்கொள்வதாக ஞானதிரவியம் வாங்கிக்கொண்டார். கோமு ஒரு டப்பாவில் அல்வா கொடுத்துவிட்டாள். ஆபீசுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதாம்.

அலுவலகம் மாடியில். படிக்கட்டில் கடைசிப் படியை மற்றவற்றைவிட உயரமாகக் கட்டியிருக்கிறார்கள். இடறினேன். ஞானதிரவியம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே இருவரும் உள்ளே போனோம். வாசலில் இருந்த உதவியாளர், "கண்ணு தெரியாதவர் உட்காரலாம், மத்தவர் நில்லுங்க. இதுல யாரு?" என்றார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்" என்றார் ஞானதிரவியம். லில்லி சிரித்தாள். எனக்கு இதில் நகைச்சுவை தெரியவில்லை.

ஆய்வாளர் பெயர் மெஹருன்னிசா. ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். மேலப்பாளையத்துக்காரர். குரல் தணிவு. அல்வா டப்பாவை மேஜையில் வைத்தேன்.

"இது என்ன சார்?"

"வீட்டுல செஞ்சது மேடம்."

"நான் நோன்பு. நோன்பு இல்லாட்டியும் இங்க எதையும் வாங்க மாட்டேன். கையோட எடுத்துட்டுப் போயிருங்க. புத்தகம்?"

ஞானதிரவியம் பைக்குள் கைவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். கையெழுத்துப் போட மறந்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆய்வாளர் நடுவில் பிரித்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"'மீன்காரர்: சாளை'" என்றார்.

நான் அல்வா டப்பாவை மறுபடி கையில் எடுத்துக்கொண்டேன்.

"இது எந்தத் தீர்மானத்துல வருது?"

லில்லி எழுந்து நின்றாள். "தீர்மானம் இல்ல மேடம். நடந்தது."

ஆய்வாளர் பக்கத்தைப் புரட்டினார். "'பதிவு ஆபீஸ்காரங்களுக்கு வேற சோலி கிடையாது.' இது யாரு?"

"நான்தான் மேடம்."

"ம்." இன்னொரு பக்கம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக வாசித்தார். "'டிசம்பர் 14. செயலாளர் பதிவு அலுவலகக் கடிதத்தைப் பிரித்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். கடிதத்தைத் தள்ளிப் பிடித்தார். பக்கத்தில் பிடித்தார். வழக்கமான கடிதம்தான் என்றார். தலைவர்: படிங்க அண்ணாச்சி. செயலாளர்: அதான் சொன்னேனே. பையில் வைத்தார்.' அக்டோபர்லயும் இதே. ஜூலையிலயும் இதே."

மின்விசிறி ரொம்பச் சத்தம் போடுகிற விசிறி. அந்த அலுவலகத்தில் யாரும் எண்ணெய் போடுவதில்லை போலிருக்கிறது.

ஆய்வாளர் புத்தகத்தை மூடவில்லை. "இருபத்து மூணு வருஷமா சங்கங்களோட புத்தகம் பாக்கேன் சார். எல்லாமே ஏகமனதாகத்தான் இருக்கும். ஒரே பேனா, ஒரே கை, ஒரே மூச்சுல எழுதினது. அந்த மாதிரிப் புத்தகத்தை நீங்க இன்னைக்குக் கொடுத்திருந்தா, கூட்டமே நடக்கலன்னு எழுதி பைலை முடிச்சிருப்பேன். மீன் தீர்ந்துபோன சங்கத்தை இப்பத்தான் பாக்கேன். நீங்க செயல்படுற சங்கம்தான், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல."

எழுந்திருக்கப் போனேன்.

"உட்காருங்க. மூணு கடிதத்துக்குப் பதில் வரலை. அதுக்குக் காரணம் எழுத்துல வேணும், செயலாளர் கையெழுத்தோட. வியாழக்கிழமைக்குள்ள. 'தவிர்க்க முடியாத காரணங்களால்'னு எழுதிட்டு வந்தா வாங்க மாட்டேன்." பிறகு கொஞ்சம் தணிந்து, "காரணம் இந்தப் புத்தகத்துலயே இருக்கு. நீங்க அதைச் சொல்லணும்" என்றார்.

ஆட்டோவில் ஞானதிரவியத்திடம் கேட்டேன்: "புத்தகத்தை மாத்திக் கொடுத்துட்டீரே?"

"எது புதுசு, எது பழசுன்னு எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? நான் கண்ணு தெரியாதவன்" என்றார்.

அல்வாவை மூவரும் சாப்பிட்டோம்.

மார்ச் 25, செவ்வாய்

காரணம் எழுத உட்கார்ந்தேன். 'தவிர்க்க முடியாத' என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. தோட்டத்துக் குழாயில் ஒழுக்கு. வாஷர் மாற்றினேன். இன்னும் ஒழுகுகிறது.

மார்ச் 26, புதன்

சாயங்காலம் லில்லியின் கடைக்குப் போனேன். "ஒரு மனு எழுதணும். நான் சொல்லுதேன், நீ எழுது" என்றேன். வாழ்நாளில் முதல் முறையாகச் சொல்லும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது எளிதில்லை. நம் சத்தம் நமக்கே வேறு ஆள் பேசுவதுபோல் கேட்கிறது. எதிரே பேனா காத்துக்கொண்டிருக்கிறது.

முடித்ததும் வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள்:

'மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு. மூன்று கடிதமும் வந்தன. நான் படிக்கவில்லை. எழுத்து மங்கல். இல்லை, அதை எழுதாதே. கொஞ்சம் பொறு. கடிதத்தில் எழுத்து நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்குத்தான் இரண்டு வருடமாகச் சரியாகத் தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தேர்வுக்கு எழுதித் தர விட மாட்டார்கள். அட, வீட்டுக் குழாய் வேற ஒழுகுது. அது இதுக்கு வேண்டாம். படிவத்தில் பிழை என்னுடையது. சங்கத்தின் மேல் தப்பில்லை. இப்படிக்கு, வே. ஆறுமுகநயினார், செயலாளர்.'

"குழாயை எடுத்திரும்மா."

"எடுக்கக் கூடாது அண்ணாச்சி."

கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினாள். போட்டேன். புதுப் புத்தகத்தையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். எழுதாத தாள்களைக் கிழித்துக் கடைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். எழுதினதை எடைக்குப் போடட்டும்.

மார்ச் 27, வியாழன்

மனுவைக் கொடுத்தோம். ஆய்வாளர் இரண்டு முறை படித்தார். "குழாய் சரியாயிட்டா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். முத்திரை போட்டு உள்ளே வைத்தார்.

ஏப்ரல் 4, வெள்ளி

உத்தரவு வந்தது. கோமு வாசித்தாள். பதிவு நீடிக்கிறது. நிபந்தனைகள் மூன்று. திருத்திய படிவத்தை வேறொருவர் நிரப்பி உடனே அனுப்ப வேண்டும். அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தை இனிக் கூட்டத்தில் செயலாளர் அல்லாத ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி ஆய்வாளர் கூட்டத்துக்கு வருவார்.

கோமு கடிதத்தை மடித்துவிட்டு, "கண்ணாஸ்பத்திரியில திங்கக்கிழமை காலையில டோக்கன் கொடுக்காங்களாம்" என்றாள்.

ஏப்ரல் 7, திங்கள்

கண்புரை. இரண்டு கண்ணிலும், வலது மோசம். "இவ்வளவு நாள் என்ன சார் பண்ணீங்க?" என்றார் டாக்டர். "பல்பு மாத்தினாங்க" என்றாள் கோமு. ஏப்ரல் 21 அறுவை.

ஏப்ரல் 12, சனி

கூட்டம். 4.15-க்குக் கதவு திறந்தது. மெஹருன்னிசா வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். லில்லி எழுதினாள். அவர் எட்டிப் பார்த்துப் படித்தார்: "'ஆய்வாளர் வந்தார். மீன்காரர் இன்னும் வரவில்லை.'"

கல்லூரிக்கு அனுப்பும் பட்டியலைத் தயார் செய்தோம். பெயர்களை லில்லி வாசித்தாள். மூன்றாவது என் பெயர், எதிரே மாரிச்செல்வி.

"அதை நீக்கிருங்க" என்றேன்.

யாரும் காரணம் கேட்கவில்லை. "மாரிச்செல்விக்கு யாரு?" என்றார் ஞானதிரவியம். "நான் எழுதுதேன்" என்றாள் லில்லி, தலை நிமிராமல். அதையும் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். சாளை வந்தது. ஆய்வாளரும் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார், சொந்தக் காசில்.

ஏப்ரல் 16, புதன்

கல்லூரி வாசலில் வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேலை இல்லாமல் தேர்வுக்குப் போவது இதுதான் முதல் தடவை. மணி அடித்ததும் இருவரும் வந்தார்கள். லில்லி வலது கையை உதறிக்கொண்டே வந்தாள்.

"எப்படி?" என்றேன்.

"நல்லா இருந்துது சார்" என்றாள் மாரிச்செல்வி. "லில்லி அக்கா ஒவ்வொரு வருஷத்தையும் ரெண்டு தடவை படிச்சாங்க."

ஏப்ரல் 23, புதன்

(அண்ணாச்சி சொல்ல லில்லி புஷ்பம் எழுதியது.)

வலது கண் அறுவை முடிந்தது. ஒரு வாரம் படிக்க, எழுத, குனிய, கோமுவோடு சண்டை போடக் கூடாது. கடைசியாகச் சொன்னதை டாக்டர் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன். இருமல். மதினி காபி கொண்டுவந்தார். சர்க்கரை பத்தலை. காபியை எல்லாம் எழுதாதேம்மா. மார்ச் 14-ம் தேதிப் பக்கத்தை எடு. எடுத்தாச்சா. அதுல சைபர், ஆறு பத்தி ஒரு வரி இருக்கு, அதை அடிச்சிரு. அடிக்க மாட்டியா. சரி. அப்ப கீழ எழுதிக்கோ. அந்தக் கேள்வித்தாள்ல ஆறு தெளிவாத்தான் இருந்துது. நான்தான் தப்பாப் படிச்சேன். தப்பாப் படிக்கேனோன்னு அன்னைக்கே எனக்குச் சந்தேகம். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கலை. அந்தப் புள்ளை ஒரு தாளை இழந்தது என்னால. இதை அவகிட்ட நான் இன்னும் சொல்லலை. அண்ணாச்சி பேசவில்லை. அண்ணாச்சி இன்னும் பேசவில்லை. லில்லி, நாளைக்கு அவளை இங்க வரச் சொல்லு. நானே சொல்லுதேன். எழுதிட்டியா. எழுதிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

(லில்லி புஷ்பம் எழுதியது.)

மாரிச்செல்வி வந்தாள். அண்ணாச்சி சொன்னார். மாரிச்செல்வி: தெரியும் சார். அண்ணாச்சி: எப்பத்துல இருந்து? மாரிச்செல்வி: கேள்வி படிக்கும்போதே தாளை மூஞ்சிக்குப் பக்கத்துல கொண்டுபோறது கேட்டுது. தாளு சத்தம் போடும்லா. அண்ணாச்சி: பின்ன ஏன் சொல்லலை? மாரிச்செல்வி: நீங்க ஏன் சொல்லலை? இருவரும் சிரித்தார்கள். முதலில் மாரிச்செல்வி. அண்ணாச்சி கொஞ்சம் கழித்து.

மே 5, திங்கள்

புதுக் கண்ணாடி வந்தது. காலையில் பாசிப்பயறு பொறுக்கினேன். ஏழு கல். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று தெரிந்தது.

பிறகு இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து படித்தேன். மார்ச் முழுவதும் என் வரிகள் இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரத்தில் மலை ஏறியிருக்கின்றன. ஒரு பக்கத்தில் ஒரு வரி இன்னொன்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. லில்லி எழுதிய இரண்டு நாள் மட்டும் நேராக இருக்கிறது.

நோட்டில் கோடு அச்சடித்திருக்கிறார்கள். நீலக் கோடு. நல்ல அழுத்தமான நீலம்.